பக்கத்தின் நிலை: திருமலைக் கல்வெட்டிலிருந்து டைப்ஸ்கிரிப்ட் வரை

ஓர் இணையப் பக்கம் ஒரு நொடியில் எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறதோ அதன் மொத்தமே அந்தப் பக்கத்தின் நிலை. திருமலையில் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்துக்கு இணையத்தில் சீட்டு எடுப்பவரின் திரையை எடுத்துக்கொள்ளலாம். தேர்ந்த தேதி, நேரம், உடன் வருவோரின் பெயர், வயது, அடையாள அட்டை எண், கட்ட வேண்டிய தொகை, கட்டிய பணம் போய்ச் சேர்ந்ததா என்பது ஆகிய எல்லாம் அந்த நிலைக்குள் அடங்கும். இவற்றுள் ஏதாவது ஒரு செய்தி இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் பதிவாகிவிட்டால், வங்கிக் கணக்கில் பணம் குறைந்திருக்கும், திரையிலோ சீட்டு இருக்காது. உலாவியில் ஓடும் நிரல்களின் முப்பதாண்டு வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு கோளாறைத் துரத்துவதிலேயே கழிந்திருக்கிறது. நிலையை யார் மாற்றலாம், எந்த வழியாக மாற்றலாம், மாற்றும்போது பதிவு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பவை அந்த வரலாற்றில் மறுபடி மறுபடி எழுந்த கேள்விகள்.

இவை கணினியோடு பிறந்த கேள்விகள் அல்ல. சந்திரகிரிக் கோட்டையிலிருந்து சாளுவ நரசிம்மன் அதிகாரம் செலுத்திய 15-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அருகிலிருந்த திருமலை, திருப்பதிக் கோயில்களுக்குக் கட்டளைகள் பெருகின. ஒருவர் கோயில் கருவூலமான ஸ்ரீபண்டாரத்தில் பணம் செலுத்துவார். கோயில் அந்தப் பணத்தைத் தன் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டப் பயன்படுத்தும். அதனால் கூடும் விளைச்சலிலிருந்து அவர் பெயரில் நாள்தோறும் அமுதுபடி நடக்கும். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு, விட்டவன் விழுக்காடு என்று கொடையாளருக்குச் சேரும். இந்த ஏற்பாடு சில மாதங்களில் முடிந்துபோவதன்று. சந்திரன் சூரியன் உள்ளவரை நடக்க வேண்டியது. ஆகவே அது சுவரில் எழுதப்பட்டது. இந்தக் கோயில்களில் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. தேவஸ்தானம் 1930-களில் அவற்றைத் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தது. சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பு அதில் பெரும்பங்கு வகித்தது.

அக்கல்வெட்டுகளைத் தொடர்ந்து படிப்பவர் கண்ணில் முதலில் படுவது அவற்றின் ஒழுங்கு. சக ஆண்டு, மாதம், திதி, நட்சத்திரம்; பிறகு எழுதிக் கொடுப்பவர்களான ஸ்தானத்தார் என்ற கோயில் நிர்வாகிகள்; பிறகு கொடையாளர், பணத்தின் அளவு, அரிசி, நெய், பயறு, மிளகு என ஒவ்வொன்றின் அளவு, பிரசாதப் பங்கீடு. இறுதியில் கோயில் கணக்கனான திருநின்றஊருடையானின் கையெழுத்து. இன்ன இடத்தில் இன்ன வகைச் செய்திதான் வரும்; பணம் வர வேண்டிய இடத்தில் பெயர் வராது. கொடையாளர் அரசராகவே இருந்தாலும் பதிவு ஸ்தானத்தார் வழியாகவே நடக்கும், கணக்கனின் எழுத்தில்தான் முடியும். நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் எந்தக் கட்டளையின் கணக்கையும் இன்று கூட்டிப் பார்க்க முடிகிறதென்றால் காரணம் இந்தக் கட்டுப்பாடுதான்.

1801-ல் ஆற்காட்டு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபோது கோயில் நிர்வாகமும் உடன் போனது. சுவரில் இருந்ததும் வழக்கத்தில் இருந்ததும் காகிதத்துக்கு வந்தன. 1803-ல் கலெக்டர் ஸ்டாட்டன் வருவாய் வாரியத்துக்கு அனுப்பிய அறிக்கை பூசைகளையும் செலவுகளையும் நிலங்களையும் பட்டியல்களாகத் தந்தது. 1821-ல் புரூஸ் விதித்தொகுப்பு 42 விதிகளோடு வந்தது. 1843-ல் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் சென்று, 1933-ல் தேவஸ்தானக் குழுவிடம் வந்து சேர்ந்தது. ஆட்சி எத்தனை முறை கைமாறினாலும், பதிவை யார் எந்த வடிவில் எழுதலாம் என்பதை ஒவ்வொரு நிர்வாகமும் முதல் வேலையாக வரையறுத்தது. இணையப் பக்கத்தை எழுதியவர்களுக்கு இந்த முன்னெச்சரிக்கை நெடுநாள் தோன்றவில்லை.

கணினித் திரைக்கு இதைச் செய்யும் முதல் தெளிவான முயற்சி இணையத்துக்கு முன்பே நடந்தது. 1978, 79-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் நார்வே நாட்டு அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக், தரவை ஒரு பகுதியாகவும் அதைக் காட்டும் திரையை இன்னொரு பகுதியாகவும் பயனரின் செய்கையை வாங்குவதை வேறொரு பகுதியாகவும் பிரிக்கும் முறையை வகுத்தார். மாடல், வியூ, கன்ட்ரோலர் என்ற பெயர்களில் அது இன்றும் பாடநூல்களில் உள்ளது.

இணையம் வந்தபோது இந்தப் பாடம் தேவைப்படவில்லை, ஏனெனில் பக்கத்துக்கு நினைவே இல்லை. ஒவ்வொரு வேண்டுகோளையும் சர்வர் முன்பின் அறியாதவரிடமிருந்து வந்ததாகவே நடத்தியது. 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி குக்கியைக் கொண்டுவந்த பிறகுதான் வந்தவர் யார் என்பதாவது நினைவில் நின்றது. அடுத்த ஆண்டு பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை உருவாக்கினார். படிவத்தில் விடுபட்ட இடத்தைச் சுட்டிக்காட்டுவது போன்ற சிறு வேலைகளுக்காக வந்த அந்த மொழியில், ஒரு மாறியில் எண்ணை வைத்துவிட்டு அடுத்த வரியிலேயே அதில் எழுத்தை வைக்கலாம், கேட்பார் இல்லை. இரண்டு வரி நிரலுக்கு அது வசதிதான். 2002-ல் இந்திய ரயில்வேயின் இணையப் பயணச்சீட்டுச் சேவை தொடங்கிய காலத்தில்கூட, ஒரு படி முடிந்து அடுத்த படிக்குப் போகையில் முழுப் பக்கமும் புதிதாக இறங்குவதே பொது வழக்கம். நிலை முழுவதும் சர்வரில் இருந்தது.

அதை உலாவிக்குள் இழுத்துவந்தது ஏஜாக்ஸ். பக்கத்தை மாற்றாமல் பின்னணியில் தரவை மட்டும் வாங்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 1999-லேயே தன் உலாவியில் வைத்திருந்தது. 2004-ல் வந்த ஜிமெயில் அதன் வலிமையை உலகுக்குக் காட்டியது. 2005-ல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் அதற்குப் பெயரிட்டார். அதே ஆண்டில் சென்னையில் வேர்கொண்ட நிறுவனம் ஒன்று ஜோஹோ ரைட்டரை வெளியிட்டது. ஆவணம் எழுதும் மென்பொருள் முழுதாக உலாவிக்குள் ஓடும் என்பது அன்று துணிச்சலான நம்பிக்கை. பிற்காலத்தில் அந்த நிறுவனம் தன் செயலிகளுக்காக லைட் என்ற பெயரில் சொந்தச் சட்டகத்தையே எழுதிக்கொண்டது. நிலையைக் கையாளும் சிக்கலை நேரில் அனுபவித்தவர்களே அப்படி ஒரு வேலையில் இறங்குவார்கள்.

2006-ல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி இந்தக் காலத்தின் அடையாளம். திரையில் எந்த மூலையையும் ஒரு வரியில் தொட்டு மாற்ற அது வழி செய்தது. கேடும் அதில்தான் இருந்தது. நிலைக்கென்று தனி இடம் கிடையாது. திரையில் எழுதியிருப்பதுதான் நிலை. மூன்று பேருக்குச் சீட்டு என்பதை அறிய, பெட்டிக்குள் உள்ள எழுத்தைப் படித்து எண்ணாக்க வேண்டும். நான்காமவரைச் சேர்த்தால் மொத்தத் தொகை, மேலே உள்ள சுருக்கம், கீழே உள்ள பொத்தான் என ஒவ்வொன்றையும் தேடிப் போய் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தாலும் பக்கம் பொய் சொல்லும். 2010-ஐ ஒட்டி பேக்போன், நாக்அவுட், ஆங்குலர்ஜேஎஸ், எம்பர் ஆகியவை அடுத்தடுத்து வந்து, ரீன்ஸ்காகின் பிரிவினையை உலாவிக்குள் கொண்டுவந்தன. தரவு மாறினால் திரை மாறும். ஆங்குலர்ஜேஎஸ்ஸில் திரை மாறினாலும் தரவு மாறும். இந்த இருவழிப் பாதை முதலில் எல்லோரையும் கவர்ந்தது. செயலி பெரிதானதும், ஒரு மாற்றம் எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிச் சென்று கண்டுபிடிக்க முடியாமல் போனது.

அந்தத் திண்டாட்டத்துக்கு மிகப் பேர்போன சான்று ஃபேஸ்புக்கில் கிடைத்தது. படிக்காத செய்தி ஒன்று இருப்பதாக மேலே எண் காட்டும். திறந்தால் புதிதாக எதுவும் இருக்காது. பொறியாளர்கள் திருத்துவார்கள், சில நாளில் அதே பிழை திரும்பி வரும். எண் ஓரிடத்திலும் செய்திப் பட்டியல் வேறிடத்திலும் உரையாடல் சாளரம் மற்றோரிடத்திலும் தத்தம் நகலை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று திருத்திக்கொண்டிருந்ததே காரணம். ஜோர்டன் வால்க் உருவாக்கிய ரியாக்ட் 2013-ல் வெளியானது. நிலையைக் கொடுத்தால் திரை எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் அதில் எழுதினால் போதும். பழைய திரையைப் புதியதாக்கும் வேலையைச் சட்டகமே பார்த்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு ஃபேஸ்புக் தன் பிழையை உதாரணமாக வைத்தே ஃபிளக்ஸ் என்ற ஒழுங்கை விளக்கியது. மாற்றம் ஒரே திசையில் ஓடும். திரை தானாக நிலையைத் தொடக்கூடாது. இன்னது நடந்தது என்று ஓர் அறிவிப்பை மட்டும் அனுப்பலாம்.

2015-ல் பாரிஸில் நடந்த ரியாக்ட் மாநாட்டில் டான் அப்ரமோவ் காட்டிய ரிடக்ஸ் இந்த ஒழுங்கை அதன் எல்லைவரை கொண்டு சென்றது. ஆண்ட்ரூ கிளார்க்கும் அதன் ஆக்கத்தில் பங்குகொண்டார். செயலி முழுவதற்கும் நிலையை வைக்க ஒரே ஸ்டோர். அதில் உள்ளதை யாரும் நேரடியாக மாற்ற முடியாது. ஆக்‌ஷன் என்ற அறிவிப்பு வரும். பழைய நிலையையும் அறிவிப்பையும் வாங்கிக்கொண்டு புதிய நிலையைத் தரும் ரிட்யூசர் என்ற சார்பு மட்டுமே அடுத்த பதிவை எழுதும். திருமலையில் ஸ்தானத்தார் ஒப்புதலும் கணக்கனின் எழுத்தும் இல்லாமல் சுவரில் எதுவும் ஏறாது என்ற ஏற்பாட்டின் பயன் இங்கும் அப்படியே கிடைத்தது. ஒவ்வொரு மாற்றமும் வரிசையாகப் பதிவாவதால், பிழை நேர்ந்த இடத்துக்கு ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்து போகலாம். அப்ரமோவ் மேடையில் அதைச் செய்துகாட்டியதுதான் ரிடக்ஸை ஒரே ஆண்டில் பரப்பியது.

யார், எந்த வழியாக என்ற கேள்விகளுக்கு ரிடக்ஸ் விடை தந்தது. எந்த வடிவில் என்பதற்கு அதனிடம் விடை இல்லை. ஆக்‌ஷனின் பெயர் வெறும் எழுத்துத் தொடர். ஓர் எழுத்து தவறினால் ரிட்யூசர் அதைக் கண்டுகொள்ளாது, பிழையென்றும் சொல்லாது. ஸ்டோரில் எண் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் இருந்தால், அதைப் படிக்கும் பக்கம் பயனரின் கண்முன் உடையும். வேறொரு தரவைச் சுட்டும் எந்த மாறியிலும் வெற்றிடத்தை வைக்கலாம் என்ற வழக்கத்தை 1965-ல் ஒரு மொழியில் புகுத்திய டோனி ஹோர், 2009-ல் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று சொல்லி வருந்தினார்.

வடிவத்துக்கான விடை நிரல்மொழி ஆய்வாளர்களிடம் நெடுங்காலமாக இருந்தது. எடின்பரோவில் ராபின் மில்னர் 1970-களில் உருவாக்கிய எம்எல் மொழி, நிரலை ஓடவிடுமுன்பே அதிலுள்ள ஒவ்வொரு மதிப்பின் வகையையும் சரிபார்த்தது. 1980-ல் அதே எடின்பரோவில் வந்த ஹோப் மொழி, ஒரு மதிப்பு இந்தச் சில வடிவங்களுள் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே பட்டியலிட்டுச் சொல்ல வழி தந்தது. 2012-ல் ஹார்வர்டில் எவான் சப்லிக்கி தன் ஆய்வேடாக எழுதிய எல்ம் இந்த மரபை உலாவிக்குக் கொண்டுவந்தது. நிலை, நிலையை மாற்றும் சார்பு, நிலையிலிருந்து திரையை வரையும் சார்பு, இவற்றுக்கு இறுக்கமான வகைகள் என்பதே எல்ம் செயலி. ரிடக்ஸின் ரிட்யூசர் இங்கிருந்துதான் வந்தது. வரும்போது வகைகளை விட்டுவிட்டு வந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியது டைப்ஸ்கிரிப்ட். மைக்ரோசாஃப்டில் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் தலைமையில் உருவாகி 2012 அக்டோபரில் வெளியான அது, ஜாவாஸ்கிரிப்டின் மேல் வகைகளை எழுதும் வசதியைச் சேர்த்து, சரிபார்த்த பின் அவற்றை நீக்கிவிடும். ஃபேஸ்புக் 2014-ல் அவிக் சௌதுரி தலைமையில் ஃபுளோ என்ற போட்டிக் கருவியை வெளியிட்டது. ஆனால் 2016 செப்டம்பர் தொழிலின் போக்கைத் தீர்மானித்துவிட்டது. அந்த மாதம் வந்த டைப்ஸ்கிரிப்ட் 2.0-ல், வெற்றிடத்தைத் தனி வகையாகப் பிரித்துக் கண்டிப்பாகச் சோதிக்கும் ஏற்பாடும், அடையாளப் புலத்தால் வேறுபடும் கூட்டு வகையும் இருந்தன. முழுதும் டைப்ஸ்கிரிப்டில் திருப்பி எழுதப்பட்ட ஆங்குலர் 2-உம் அதே மாதம் வெளியானது.

கூட்டு வகை என்ன மாற்றியது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தரிசனச் சீட்டுப் பக்கம் காலியிடங்களை சர்வரிடம் கேட்கிறது. பழைய பழக்கப்படி எழுதுபவர் மூன்று கொடிகளை வைப்பார்: ஏற்றிக்கொண்டிருக்கிறதா, பிழை நேர்ந்ததா, தரவு வந்துவிட்டதா. ஒவ்வொன்றும் ஆம் அல்லது இல்லை என்பதால் எட்டுச் சேர்க்கைகள் சாத்தியம். உண்மையில் பொருளுள்ளவை நான்கே: இன்னும் கேட்கவில்லை, காத்திருக்கிறது, கிடைத்தது, தோற்றது. எஞ்சிய நான்கில் பக்கம் சுழலும் வட்டத்தையும் பிழைச் செய்தியையும் ஒருசேரக் காட்டும், அல்லது எதுவும் காட்டாமல் வெறுமையாக நிற்கும். கூட்டு வகையில் அந்த நான்கு நிலைகள் மட்டுமே எழுதப்படும். கிடைத்தது என்பதற்குள் மட்டுமே காலியிடப் பட்டியல் இருக்கும். தோற்றது என்பதற்குள் மட்டுமே காரணம் இருக்கும். காத்திருக்கும்போது பட்டியலைப் படிக்க முயலும் நிரலைக் கம்பைலர் ஏற்காது. தவறான நிலையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வேலை குறைந்து, அதை எழுதவே இயலாத ஏற்பாடு வந்தது.

இதன் பெரும் பயன் மாற்றத்தின்போது தெரியும். பணம் பிடிக்கப்பட்டது, சீட்டு இன்னும் உறுதியாகவில்லை என்ற இடைநிலையை முதலில் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். யூபிஐ வழியே பணம் கட்டுவோர் பெருகிய நாட்டில் அந்த நிலையில் சிக்காதவர் அரிது. எல்லா நிலைகளும் கையாளப்பட்டனவா என்று சோதிக்கும்படி நிரலை எழுதியிருந்தால், ஆறு மாதம் கழித்து அதை ஐந்தாவது நிலையாகச் சேர்த்த நொடியிலேயே, பழைய நான்கை மட்டும் கையாளும் இடங்களைக் கம்பைலர் சுட்டிக்காட்டும். பெரிய செயலியில் அப்படிப்பட்ட இடங்கள் பல கோப்புகளில் சிதறிக் கிடக்கும். மனித நினைவை நம்பினால் ஒன்றிரண்டு தப்பிவிடும். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்பதையும் சேர்த்து வரையறுக்க விரும்புவோர், டேவிட் ஹாரெல் 1987-ல் விமான மின்னணுக் கருவிகளின் வடிவமைப்பை ஒட்டி வெளியிட்ட நிலைவரைபட முறைக்குத் திரும்பினார்கள். டேவிட் குர்ஷித் எழுதிய எக்ஸ்ஸ்டேட் அதன் இணைய வடிவம்.

வகைகளும் ஸ்டோரும் இணைந்தது எளிதாக நடக்கவில்லை. ரிடக்ஸில் ஒவ்வோர் ஆக்‌ஷனுக்கும் பெயர், வகை, உருவாக்கும் சார்பு என ஒன்றையே மூன்று தடவை எழுத நேர்ந்தது. பலர் சலித்து விலகினார்கள். 2019 அக்டோபரில் முதல் நிலையான பதிப்பாக வந்த ரிடக்ஸ் டூல்கிட், ரிட்யூசரை எழுதினால் மற்ற வகைகளைத் தானே ஊகித்துக்கொண்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் ரியாக்ட் ஹூக்ஸ் வந்து, சிறு செயலிகளுக்குத் தனி ஸ்டோரே வேண்டாம் என்ற நிலையை உண்டாக்கியது. எவான் யூவின் வியூ சட்டகத்தில் கதை வேறு. அதன் ஸ்டோரான வியூஎக்ஸில் மாற்றங்களைப் பெயர்த்தொடரால் அழைக்க வேண்டும். எழுத்துத் தொடரிலிருந்து வகையை ஊகிக்க அன்றைய டைப்ஸ்கிரிப்ட் திணறியது. 2020-ல் வியூ 3 டைப்ஸ்கிரிப்டில் மறுபடி எழுதப்பட்ட பிறகு, எடுவார்டோ சான் மார்ட்டின் மொரோட்டே எழுதிய பினியா அந்த இடத்தைப் பிடித்தது. வகையோடு ஒத்துப்போகாத ஸ்டோர் அதன் சொந்தச் சட்டகத்திலேயே இடம் இழந்தது என்பது இத்தொழிலின் வரலாற்றில் முக்கியமான திருப்பம்.

இரண்டு குறைகள் அப்போதும் இருந்தன. டைப்ஸ்கிரிப்டின் வகைகள் நிரல் ஓடும்போது இருப்பதில்லை. சர்வர் அனுப்பும் தரவில் வயது எண்ணாக வரும் என்று நிரலில் எழுதியிருக்கலாம், எழுத்தாக வந்தால் தடுப்பவர் இல்லை. காலின் மெக்டோனல் 2020-ல் வெளியிட்ட ஸாட் போன்ற நூலகங்கள் தரவு உள்ளே நுழையும் வாயிலிலேயே அதைச் சோதித்து, அந்தச் சோதனையிலிருந்தே வகையையும் தருவித்தன. அடுத்தது, உலாவியில் உள்ள எல்லா நிலையும் ஓரினம் அன்று. பயனர் திறந்து வைத்திருக்கும் பட்டியல் அவருடைய திரைக்கே சொந்தம். காலியாக உள்ள தரிசன இடங்களின் எண்ணிக்கையோ சர்வரின் சொத்து. உலாவியில் இருப்பது சில நொடிகளுக்கு முந்தைய நகல், அதற்குள் வேறொருவர் அந்த இடத்தை எடுத்திருக்கலாம். டானர் லின்ஸ்லியின் ரியாக்ட் குவெரி இந்த நகலைத் தனியாகப் பிரித்து, அது எப்போது பழசாகும், எப்போது மறுபடி கேட்க வேண்டும் என்பதைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றது. ரிடக்ஸின் ஒரே ஸ்டோருக்குள் இரண்டையும் கலந்து வைத்ததே பல ஆண்டுச் சுமைக்குக் காரணம் என்பது அதற்குப் பின்தான் பரவலாகப் புரிந்தது.

நிலையில் ஒரு துளி மாறினால் அதைச் சார்ந்த இடத்தை மட்டும் திருத்தும் சிக்னல் முறை, நாக்அவுட் காலத்துக் கருத்தின் மறுவருகை. ரையன் கார்னியாட்டோவின் சாலிட் அதை மீட்டெடுத்தது. 2023 மே மாதம் ஆங்குலர் 16-உம், 2024 அக்டோபரில் ஸ்வெல்ட் 5-உம் அதைத் தழுவின. இம்முறை ஒவ்வொரு சிக்னலும் தன் வகையோடு வந்தது. 2024 ஏப்ரலில் சிக்னலை ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே சேர்க்கும் முன்மொழிவு தரக்குழுவின் முதல் கட்டத்தில் ஏற்கப்பட்டது. வகைக்குறிப்புகளை மொழியின் இலக்கணத்தில் அனுமதிக்கும் முன்மொழிவு 2022 மார்ச்சிலேயே அக்கட்டத்தை எட்டியிருந்தது. 2025 மார்ச்சில் ஹெய்ல்ஸ்பெர்க், டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை கோ மொழிக்கு மாற்றி எழுதிவருவதாகவும் அது சுமார் பத்து மடங்கு வேகமாகச் சரிபார்க்கும் என்றும் அறிவித்தார். பல லட்சம் வரிகள் கொண்ட செயலிகளில், வகைச் சரிபார்ப்புக்காகக் காத்திருக்கும் நேரமே நிரலாளர்களின் முதன்மையான புகாராக அப்போது மாறியிருந்தது.